வெள்ளிப் பொட்டு

காரே இல்லாத தீனதயாளன் செங்கல்பட்டில் ஒரு கார்க் கண்ணாடிக் கடைக்குப் போய், பின்கண்ணாடியில் பனி நீக்கக் கரண்ட் ஓடுகிற சூட்டுக் கோடு அறுந்துபோனால் தடவுகிற வெள்ளிப் பெயிண்டு ஒரு குப்பி வாங்கினான். இந்தச் செய்தி அவனுக்கு முன்பாகவே திருவிடந்தைக்கு வந்து சேர்ந்துவிட்டது. சுமந்து வந்தவர் ஷேர் ஆட்டோ ஓட்டும் சுப்பிரமணி. இறக்கி வைத்த இடம் அவர் மனைவி பிரபாவதி. மாலைக்குள் தெரு முழுக்கப் பரவியிருக்க வேண்டிய சரக்குதான். ஆனால் பிரபாவதிக்கு அரைவேக்காட்டுச் செய்தியை வெளியே விடும் பழக்கம் கிடையாது. எதற்கு வாங்கினான் என்பது தெரியாமல் வாயைத் திறந்தால் கேட்கிறவர்கள் முன்னால் மரியாதை போய்விடும்.

தீனதயாளன் எதிர்வீட்டுக்காரன். கல்யாண வீடியோ எடுக்கிறவன். திருவிடந்தையில் அந்தத் தொழிலுக்குப் பஞ்சமே வராது. கல்யாணம் கூடாதவர்கள் பெருமாளிடம் மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றுகிறார்கள். கூடியதும் ஜோடியாக வருகிறார்கள். ஆனாலும் ஈசிஆர் ரோட்டு மண்டபக்காரர் ஜானகிராமன் புதிதாக ஒரு நிபந்தனை போட்டிருந்தார். காலையில் கட்டின தாலி சாயந்திரம் ரிசப்ஷனில் திரையில் படமாக ஓட வேண்டும். ஓடினால் மண்டபத்துக்குத் தீனதயாளனே நிரந்தர வீடியோக்காரன். ஓடாவிட்டால் சென்னையிலிருந்து ஒரு குழு வரத் தயாராக இருந்தது. ஐப்பசியின் முதல் முகூர்த்தம்தான் பரீட்சை.

படம் எடுப்பதில் அவனுக்குச் சிக்கல் இல்லை. அதை வெட்டி ஒட்டி முடித்துக் கொடுக்க வேண்டிய லேப்டாப்தான் மாட்டுவண்டி வேகம். புதிது வாங்கலாமே என்று யாரும் கேட்டுவிடலாம். அது அவன் மனைவி திவ்யாவுக்குப் பிறந்த வீட்டுச் சீர். மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில் அவள் அப்பா நெல் விற்ற காசில் வாங்கி, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் மாலை போட்டு அனுப்பி வைத்தது. அது மெதுவாக இருக்கிறது என்று கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொல்லிவிட்டு, தீனதயாளன் ஒரு வாரம் உப்பில்லாத ரசம் சாப்பிட்டான். அப்புறம் அவன் லேப்டாப்பைப் பற்றிப் பேசியதே இல்லை.

திவ்யா அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், தோசை மாவு கேட்கிற சாக்கில் பிரபாவதி கிண்ணத்தோடு எதிர்வீட்டுக்குள் நுழைந்தாள். சீர் லேப்டாப் மல்லாக்கப் படுத்திருந்தது. வயிற்று மூடி கழற்றிக் கிடந்தது. தீனதயாளன் ஒரு கையில் பூதக்கண்ணாடியும் மறு கையில் துடைப்பக் குச்சியுமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

"இன்னாடா தீனா, மாமனார் சீர வவுறு கிழிச்சு வச்சிகினு கீற?"

"அக்கா, திவ்யாகிட்ட மட்டும் சொல்லிடாத. உன் கால்ல வேணா வுழறேன்."

காலில் விழ வேண்டாம், சத்தியமாக வாய் திறக்கமாட்டேன், விஷயத்தைச் சொன்னால் போதும் என்று அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் சொன்னான். இதற்குள்ளே பிராசஸர் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் நாயனக்காரர். பக்கத்தில் இருக்கிற இந்தக் குட்டிச் சில்லுதான் தவில்காரர். தவில்காரர் காலத்தைக் கூட்டினால் நாயனமும் கூடவே ஓடித்தான் ஆக வேண்டும். கம்பெனிக்காரன் தவிலை நிதானமாக வாசிக்கும்படி கட்டி வைத்திருக்கிறான். அந்தச் சில்லின் அடுத்தடுத்த இரண்டு கால்களை வெள்ளிப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்துச் சேர்த்துவிட்டால், பெரிய பிராசஸர் ஏதோ வந்திருக்கிறது என்று போர்டு நம்பி வேகத்தைக் கூட்டிவிடும்.

பிரபாவதி யோசித்தாள். நாயனக்காரர் ஓடிவிடுவார், சரி. கூட ஒத்து ஊதுகிறவன் ஓட வேண்டாமா என்று கேட்டாள்.

அதுதான் பேஜாரு என்றான் தீனதயாளன். முதல் தடவை பொட்டு வைத்துக் கிளப்பியபோது ஒத்து ஊதுகிற மெமரி ஈடுகொடுக்க முடியாமல் திரை நீலமாகி நின்றுவிட்டது. மெமரிக்குள்ளே தன் வேகம் இவ்வளவு என்று எழுதி வைத்த ஒரு ஜாதகம் இருக்கிறதாம். அதில் வேகத்தை இவனே குறைத்து எழுதிவிட்டான். போர்டு அந்தப் பொய்க் கணக்கிலிருந்து கூட்டும். கூட்டினது மெமரியின் உண்மையான வேகத்தில் வந்து நிற்கும். குறைத்து எழுதின ஜாதகம் திருவிடந்தைக்குப் புதிதா என்ன? பிரபாவதிக்கு உடனே புரிந்துவிட்டது.

அவள் முன்னாலேயே ஓட்டிக் காட்டினான். நான்கு மணி நேரம் இழுத்துக்கொண்டிருந்த பழைய கல்யாணப் படம் மூன்றில் முடிந்தது. அத்தனை நேரமும் அவள் எழுந்திருக்கவில்லை. சூடு தாங்க இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, மேஜை ஃபேனைத் திருப்பிவிட்டு, காற்றுப் போக வயிற்று மூடியையும் மாட்டாமல் விட்டுவிட்டான். வீட்டுக்குத் திரும்பின பிரபாவதி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. தன்னை நினைத்துத் தனக்கே ஆச்சரியமாக இருந்தது அவளுக்கு.

ஆயுத பூஜை வந்தது. முகூர்த்தத்துக்கு இரண்டே நாள். தீனதயாளன் கல்யாண வீட்டில் பந்தக்கால் படம் எடுக்கப் போய்விட்டான். அம்மா வீட்டிலிருந்து திரும்பியிருந்த திவ்யா அரிவாள்மனை, கத்தரிக்கோல், கேமரா ஸ்டாண்டு, பைக் என்று வீட்டில் இருந்ததையெல்லாம் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். பொரியும் சுண்டலும் கொடுக்க வந்த பிரபாவதி வாசற்படியிலேயே நின்றாள். லேப்டாப்பின் முறை வந்திருந்தது.

"மூடியக் காணோம் பாருக்கா. எங்கப்பா குடுத்தத எப்படி வச்சிகினு கீறாரு. உள்ள பெயிண்டு வேற சொட்டி கீது."

சொல்லிக்கொண்டே திவ்யா கட்டைவிரல் நகத்தால் அந்த வெள்ளிச் சொட்டைச் சுரண்டினாள். பிரபாவதியின் வாய் திறந்தது. சத்தியம் ஞாபகம் வந்தது. வாய் மூடிக்கொண்டது. வாழ்நாளில் அவள் காப்பாற்றிய ஒரே ரகசியம், கண்ணெதிரே தூளாக உதிர்ந்தது. திவ்யா ஓரத்துப் பிளாஸ்டிக்கில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, ஒரு செவந்திப் பூவையும் செருகினாள்.

பிரபாவதி தீனதயாளனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். பொட்டு போனாலும் பழகின வேகம் போகாமல் இருக்குமோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம். என்னதான் ஆகிறது என்று பார்க்கிற ஆசையும் இருந்தது. அது சந்தேகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

முகூர்த்தத்துக்கு அவளும் போனாள். அழைப்பு இருந்ததா என்பது வேறு விஷயம். பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு, மண்டபத்துச் சாமான் அறையில் எட்டிப் பார்த்தாள். லேப்டாப் முன்னால் தீனதயாளன் சட்டை நனைய உட்கார்ந்திருந்தான்.

"இப்பதான் ஏத்துனேன்க்கா. எட்டு மணிக்குதான் முடியும்னு காட்டுது. படம் ஏழுக்கு ஓடணும். ஜானகிராமன் சார் ரெண்டு தபா வந்து கேட்டுட்டாரு."

பிரபாவதியால் அதற்கு மேல் முடியவில்லை.

"பொட்டு கீதான்னு பாத்தியா?"

அவன் லேப்டாப்பைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தான். சந்தனம் இருந்தது, குங்குமம் இருந்தது, வெள்ளி மட்டும் இல்லை. நிமிர்ந்தபோது கதவருகில் திவ்யா, அவனுக்குச் சாப்பாட்டுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா பொட்டு?" என்றாள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? தவிலிலிருந்து ஜாதகம் வரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். பிரபாவதி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வெளியே போகலாம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. திவ்யா தட்டைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பா குடுத்தது பத்தலன்னு திருட்டுத்தனமா வவுத்த அறுத்திருக்கீங்க."

"பத்தலன்னு யாரு சொன்னது? ஓட்டம் அதுக்குள்ளயே இருந்துச்சு, திவ்யா. கட்டி வச்சிருந்தானுங்க. நான் அவுத்து வுட்டேன், அவ்ளோதான்."

திவ்யா லேப்டாப்பையே பார்த்தாள். ரசத்துக்கு இனி எத்தனை வாரம் உப்பு இருக்காது என்று பிரபாவதி மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ளயே இருந்துச்சா?"

"உள்ளயேதான்."

"அந்தப் பெயிண்டு எங்க?"

குப்பி கேமராப் பையில் இருந்தது. அவன் குச்சியை நனைத்து எடுத்தான், ஒரு சொட்டு தரையில் விழுந்தது. பக்கத்துக் கால்களிலும் பட்டுவிட்டால் லேப்டாப் அதோடு சரி. திவ்யா குச்சியை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். மார்கழி முழுக்க வாசலில் புள்ளி வைத்துப் பழகின கை. எந்த இரண்டு கால் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, குனிந்து ஒரே தொடலில் வைத்து நிமிர்ந்தாள். பூதக்கண்ணாடியில் பார்த்த தீனதயாளன் சரி என்று தலையை ஆட்டினான். பெயிண்டு காய வேண்டுமே என்று பிரபாவதி மணமகள் அறைக்கு ஓடி, மேக்கப் பெண்ணிடமிருந்து முடி உலர்த்துகிற மெஷினைக் கிட்டத்தட்டப் பறித்துக்கொண்டு வந்தாள். காய்ந்ததும் லேப்டாப்பைக் கிளப்பிப் படத்தை மறுபடி முதலிலிருந்து ஏற்றினான். ஏழுக்குக் கால் மணி முன்னால் முடியும் என்று காட்டியது. அப்போதுதான் அவன் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

ஏழு மணிக்குத் திரையில் தாலி ஏறியது. பெண்ணின் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டதைப் பார்த்த ஜானகிராமன், தீனதயாளனிடம் வந்து கார்த்திகை முகூர்த்த நாட்களைக் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

கையில் முழு வேக்காட்டுச் செய்தியோடு பிரபாவதி பந்திப் பக்கம் வந்தபோது, திவ்யா அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டத்தைக் கூட்டியிருந்தாள். எங்கப்பா குடுத்த லேப்டாப்பு என்று ஆரம்பித்து நாயனம், தவில், ஜாதகம் எல்லாவற்றையும் வரிசை தவறாமல் அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். பொட்டைச் சுரண்டின பகுதி மட்டும் அந்தக் கதையில் இல்லை. பிரபாவதி பீடாவை வாயில் போட்டு மென்றுகொண்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

வீட்டுக்குப் புருஷனின் ஆட்டோவில் திரும்பினாள். சுப்பிரமணி வழக்கம்போல ரோட்டோரமாக உருட்டிக்கொண்டு போனார். கோவளத்திலிருந்து வந்த டவுன் பஸ் ஒன்று அவரைத் தாண்டிப் போயிற்று. அதற்குப் பின்னால் ஒரு மீன் வண்டியும்.

"ஏங்க, இந்த ஆட்டோவுலயும் எங்கியாவது கட்டி வச்சிருப்பானுங்களா?" என்றாள் பிரபாவதி.