மச்சான் வீட்டுத் தண்ணீர்

வைகாசி பிறந்ததும் மட்டக்களப்பு வாவி கரையைக் கைவிட்டு மெல்லப் பின்வாங்கும். நீர் நின்ற இடத்தில் உப்புப் பூத்து வெளுக்கும். கண்ணா மரங்களின் வேர்கள் வெறுமனே காற்றில் நிற்கும். மேற்கிலிருந்து எழும் கச்சான் காற்று வயல் வட்டைகளின் புழுதியை வாரி வந்து வாசற்படிகளில் இடும். மாடுகள் நிழலை விட்டு நகரா. மாந்தர் பேச்சிலும் சொற்கள் குறையும். மண்ணைச் சுடும் இவ்வெப்பம் அம்மனின் சினம் என்பது எங்கள் முன்னோர் துணிபு. ஆண்டெல்லாம் அடைத்துக் கிடந்த அவள் கோயிற் கதவுகள் இம்மாதத்தில் திறக்கும். வேப்பிலை இட்ட நீர்ப்பானைகளை முன்வைத்து, சினம் ஆறுமாறு அவளை இரந்து குளிர்த்தி பாடுவோம். அந்நீரைத் தெளித்த பின்னரே ஊர் மூச்சு விடும்.

முப்பத்தோர் ஆண்டு அப்பாட்டைப் பாடிய என் நெஞ்சு மட்டும் சென்ற வைகாசியிலிருந்து குளிரவில்லை.

வெல்லாவெளிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் என் மனைவியின் குடியினர் வழிபடும் கோயில் உள்ளது. சென்ற ஆண்டு அங்கே பாடுகையில் ஓரடி மறந்தேன். இமைப்பொழுது, அவ்வளவே. அருகில் நின்ற மனைவியின் தம்பி நல்லரத்தினம் என் கையிலிருந்த மைக்கைப் பறித்தான்.

"மச்சானுக்கு மறதி வந்திட்டு. ஆராவது ஒரு பாயக் கொண்டந்து போடுங்க, படுக்கட்டும்!"

நான்கு ஒலிபெருக்கிகள் அதை வட்டை முழுதும் கொண்டு சென்றன. கூட்டம் சிரித்தது. பூசை செய்யும் கட்டாடியாரும் சிரித்தார். மிகுதியை அவனே பாடி முடித்தான்.

இனி அவன் வீட்டுத் தண்ணீர் என் நாவில் படாது என்று அன்றே சூளுரைத்தேன். கணவனுக்காக நீதி கேட்டுச் சினந்தவளைத் தொழுபவன் சினங்கொள்வதில் என்ன பிழை?

அன்றைய பாட்டை எவரோ கைபேசியில் பதிந்திருந்தனர். புளியந்தீவில் என் வீட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பலநூறு முறை கேட்டேன். ஓரிடத்தில் உடுக்கு அளவு மீறி முழங்கியது. அம்முழக்கத்தினுள் ஒரு பாட்டு முழுதாய் மறைந்து போயிருந்தது. அவன் பிறவூர்களில் பாடிய பதிவுகளையும் தேடிக் கேட்டேன். அதே இடம், அதே முழக்கம். நல்லரத்தினத்துக்கு அந்தப் பாட்டுத் தெரியாது! அவ்விடம் வந்ததும் உடுக்கடிப்பவனுக்குக் கண் காட்டிவிட்டு வாயை மட்டும் அசைக்கிறான். இதை அறிந்த கணத்தில் நான் அடைந்த இன்பம் சந்நிதியிலும் அடைந்ததில்லை, அம்மன் பொறுப்பாளாக.

என் திட்டம் எளியது. இவ்வாண்டு நான் பாடுவேன். அவ்விடம் வந்ததும் கையுயர்த்தி உடுக்கை நிறுத்துவேன். மைக்கை அவன் வாயருகே நீட்டி, இதை நீ பாடு என்பேன். அதன்பின் எழும் அமைதியை நான்கு ஒலிபெருக்கிகளும் ஊருக்குச் சொல்லும்.

புறப்படும் காலையில், முழங்கால் நோவால் உடன்வர இயலாத மனைவி தயிர்ச்சோற்றைப் பெட்டியில் அடைத்தபடி கேட்டாள்: "தம்பிட வீடு கோயிலடியில கிடக்கு. இந்த வெயிலுக்க சோத்தக் கட்டிக்கொண்டு போறீங்களே, பழுதாகாதா?"

"பழுதானாலும் என்ட வீட்டுச் சோறு" என்றேன்.

களுவாஞ்சிகுடியில் அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணிநேரம் காத்திருந்தேன். பட்டிருப்புப் பாலத்தைக் கடக்கையில் பெட்டி மடியில் சுட்டது. உச்சிப்பொழுதில் கோயிற் குளத்தருகே மருதமர நிழலில் அமர்ந்து அதைத் திறந்தேன். புளித்த வாடை மூக்கில் ஏறியது. எதிரே அவன் வீட்டு அடுக்களைப் புகை தெரிந்தது. அந்தப் புகையைப் பார்த்தபடியே ஒரு பருக்கை விடாமல் உண்டேன்.

மூன்று மணிக்கு வயிறு முறுக்கத் தொடங்கியது. பாட்டுத் தொடங்குவது ஐந்துக்கு. கோயிலின் மலகூடத்தில் பூட்டுத் தொங்கியது. குளக்கரைப் பற்றையை நாடலாமெனில் அங்கே பெண்கள் பொங்கலுக்கு நீர் அள்ளிக்கொண்டிருந்தனர். வியர்த்து நடுங்கி நின்ற என் முன்னே மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது.

"என்ன மச்சான், வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி முகம்?" நல்லரத்தினம்தான். "வயித்தால அடிக்குதோ?"

"உனக்கென்ன?"

"எனக்கொண்டும் இல்ல. கோயில் கக்கூசுத் திறப்பு தலைவர்ர பையில, தலைவர் களுவாஞ்சிகுடியில. கிட்டடியில கிடக்கிறது எங்கட வீட்டுக் கக்கூசுதான். குடிக்கமாட்டன் எண்டுதானே சொன்னீங்க, கழுவமாட்டன் எண்டு சொல்லல்லையே?"

அவனைக் கொல்லலாம் போலிருந்தது. பின்னிருக்கையில் ஏறினேன்.

"மெல்லப் போ."

"மெல்லப் போனாலும் ஆபத்து, கெதியாப் போனாலும் ஆபத்து. அம்மனக் கும்பிட்டுக்கொண்டு இரிங்க."

மும்முறை போனேன். மும்முறையும் அவனே கிணற்றில் அள்ளி வாளியைக் கதவருகே வைத்தான். ஒவ்வொரு வாளியையும் ஓர் இழிவென எண்ணிக்கொண்டேன். வெளியே வந்து கதிரையில் சாய்ந்ததும் அவன் மனைவி தெய்வானை செம்பொன்றை நீட்டினாள்; வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஜீவனி உப்புக் கரைத்த தண்ணீர்.

"என்ன சாப்பிட்டீங்க அண்ணே?"

"வீட்டுச் சோறு."

"தயிர் போட்டதோ?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"எங்கட கையால ஒரு பிடி தின்னக்கூடாதெண்டு கெட்டுப்போனதத் திண்டிருக்கிறீங்க. இதக் குடிங்க. இல்லாட்டி இண்டைக்குப் பாட்டு இல்ல, ஆசுபத்திரிதான்."

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. செம்பின் விளிம்பில் ஒரு துளி வழிந்ததைக் கண்டேன். கையால் செம்பை அப்பால் தள்ளினேன்.

நல்லரத்தினம் சிரித்தான். "அப்ப பாயப் போடவா மச்சான்?"

அந்தச் சொல் ஓராண்டு நெருப்பை ஊதிவிட்டது. ஒளித்து வைத்திருந்த அம்பை நானே காட்டினேன்.

"போடு! இண்டைக்கு அந்தப் பாட்டு வரக்குள்ள உன்ட உடுக்கு நிக்கும். ஊர் பாக்க மைக்க உன்ட வாயில வைப்பன். பாய் ஆருக்கெண்டு அப்ப பாப்பம்."

எந்தப் பாட்டு என்று அவன் கேட்கவில்லை. முகம் வெளிறிற்று. செம்பைத் தட்டால் மூடிவிட்டு எழுந்து போனான். பாதி வென்றேன் என்று மகிழ்ந்தேன்.

கிணற்றில் முழுகி, மாற்று வேட்டி உடுத்து, ஐந்து மணிக்குச் சந்நிதியில் நின்றேன். தலை சுழன்றது, ஆனால் குரல் நின்றது. முப்பது பாட்டுக் கடந்தேன், ஓரசை பிசகவில்லை. பகைமை என்னைத் தூணாய்த் தாங்கிற்று. நான் குறித்து வைத்த பாட்டுக்கு இன்னும் மூன்றே பாட்டு.

அப்போது வயிற்றைக் கத்தி கொண்டு அறுத்தாற்போல் வலித்தது. அடக்கியது என்னை மீறிற்று. குளிர்த்திப் பானைகளின் முன்னே, நூற்றுக்கணக்கான கண்களின் முன்னே, வெள்ளை வேட்டியில். பாட்டு அறுந்தது. பின்வரிசையில் எவனோ சிரிக்கத் தொடங்கினான்.

நல்லரத்தினம் கையை நீட்டினால் போதும். மைக் அவனுடையது, நாளும் அவனுடையது. அவன் என் முகத்தைப் பார்த்தான். பின் உடுக்கடிப்பவனுக்குக் கண் காட்டினான்.

உடுக்கு இடிபோல் எழுந்தது. கட்டாடியார் வேப்பிலையை உயர்த்தினார். எனக்கு அருள் ஏறியதென்று எண்ணி ஊர் கைகூப்பிற்று. அம்முழக்கத்தின் மறைவில் அவன் என் முழங்கையைப் பற்றிப் பின்வழியே நடத்தினான். மலகூடத்தின் பூட்டு உடைந்து கிடந்தது. உள்ளே ஒரு வாளி, வெளியே முழுகுவதற்கு இரண்டு வாளி, கொடியில் அவனுடைய புது வேட்டி. நான் அவனை அச்சுறுத்திய பின்னரே இவையெல்லாம் நிகழ்ந்திருக்க வேண்டும்.

"கெதியா வாங்க. அவன்ட கை ஓயமுதல் வரணும்."

"ஏன் இதச் செய்தாய்?"

"மச்சானப் பகிடி பண்ணுறது நான். மறுகா கண்டவனெல்லாம் பண்ணுறதோ?"

முழுகி, அவன் வேட்டியை உடுத்து மீண்டேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று பாட்டு முடிந்தன. அந்த இடம் வந்தது.

உடுக்கடிப்பவன் வழக்கம்போல் நல்லரத்தினத்தைப் பார்த்தான். நல்லரத்தினம் நிலத்தைப் பார்த்தான். நான் கையை உயர்த்தினேன். உடுக்கு நின்றது. ஒலிபெருக்கிகளில் கச்சான் மட்டும் இரைந்தது. ஓராண்டாய் நான் பசித்துக் காத்திருந்த கணம் என் உள்ளங்கையில் வெதுவெதுப்பாய்க் கிடந்தது. அவன் ஓடவில்லை; கழுத்தை நீட்டித் தந்தவன்போல் நின்றான்.

மைக்கைக் கையால் பொத்தினேன்.

"இஞ்சால கிறுகி என்னப் பார். நான் சொல்லச் சொல்லப் பின்னால வா."

பொத்திய கையை எடுத்து, சொல் சொல்லாய்ப் பிரித்து, குழந்தைக்குச் சோறூட்டும் பக்குவத்தில் அப்பாட்டைப் பாடினேன். அவன் ஒவ்வொரு சொல்லையும் வாங்கிப் பாடினான். மச்சான்மார் இருவரும் முறைவைத்துப் பாடுகிறார்கள் என்று ஊர் மகிழ்ந்தது. என் சினம் அழிந்ததென்று சொல்லேன். அதற்கு அப்போது வேலை இருக்கவில்லை; அவ்வளவே.

பொழுது சாய்ந்தது. நீர் தெளித்து முடிந்து கூட்டம் கலைந்தபின், தட்டு மூடிய அதே செம்போடு தெய்வானை வந்தாள். செம்பை வாங்கி அம்மன் படியில் வைத்தேன். பானையிலிருந்த வேப்பிலை ஒன்றை எடுத்து அதில் இட்டேன். நெற்றி நிலத்தில் படத் தொழுது எழுந்து, இரு கையாலும் ஏந்தி, கடைசித் துளிவரை குடித்தேன்.

பின்னர் அந்த வீடிருந்த திசை நோக்கிக் கையுயர்த்தினேன்:

"வாவி நிறைக. வட்டை விளைக. அந்த வளவுக் கிணறு எந்தக் கோடையிலும் வற்றாதிருக்க. தந்த கை குளிர்க. மறுத்த நாவும் குளிர்க."