காடிக்குக் கொடுத்த மூட்டை

மலாயாவில், லாபிஸுக்கும் பெக்கோக்குக்கும் நடுவில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் கேப்ரியல் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதும் கிராணி. வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடியபோது விட்டுப்போன கறுப்பு மோட்டார் காடி, ஆபீஸ் சாவிகள், கேப்ரியல் எல்லாமே ஹிரோசே என்ற ஜப்பான் துரையின் கைக்கு வந்து சேர்ந்தன. நாற்பத்து நாலாம் வருஷம் அந்தக் காடி நின்றுபோனது. எஞ்சின் எண்ணெய் எங்கும் கிடைக்காத காலம். தேங்காயெண்ணெய் ஊற்றி ஓட்டி ஓட்டி, உள்ளே ஏதோ தீய்ந்துவிட்டது.

லாபிஸ் கடைத்தெருவில் தியோ என்ற சீன முதலாளி ஒரு மோட்டார் பட்டறை வைத்திருந்தார்; எல்லாரும் அவரைத் தவுக்கே என்பார்கள். காடியை மாடு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். தவுக்கே மூடியைத் திறந்து பார்த்து, எஞ்சினைத் தட்டிப் பார்த்து, "ஒரு பேரிங்தான். அறுபது வெள்ளி" என்று சந்தை மலாயில் சொன்னார். கேப்ரியல் அதைத் துரையிடம் அப்படியே போய்ச் சொன்னார். செய்த தப்பு அதுதான்.

ஹிரோசே ஆறு நோட்டை மேசையில் வைத்தார். "அறுபது. அதற்கு மேல் ஒரு காசும் இல்லை. வெள்ளிக்கிழமை நான் செகாமாட்டுக்குப் போகணும், அதிகாரி வருகிறார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கிராணி ஒருவர் லோரி ரிப்பேரில் விலை கூட்டிச் சொன்னார் என்று ஜப்பான் போலீஸ் செகாமாட்டுக்குக் கூட்டிப்போய் இன்னும் திருப்பி அனுப்பவில்லை. அது நடந்து நாலு மாதம். அந்த மனிதரின் பெண்சாதி ஞாயிறுதோறும் மாதா கோயிலில் கேப்ரியலின் மனைவி டோரிஸுக்குப் பக்கத்தில் வந்து முட்டி போடுவாள்.

புதன்கிழமை கேப்ரியல் சைக்கிளில் பட்டறைக்குப் போனபோது காடி மறுபடியும் நாலு சக்கரத்தில் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் சீராக ஓடியது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆறு நோட்டையும் நீட்டினார்.

தவுக்கே வாங்கவில்லை. "பிரிச்சுப் பார்த்தா பேரிங் மட்டும் இல்ல. நாலு ரிங்கும் போச்சு, தண்டும் கீறிடுச்சு. நீ சொன்ன நாள்ல வேணும்னியே, பத்து பாகாட் டவுனுக்கு ஆள் அனுப்பி வாங்கினேன்."

"எவ்வளவு?"

"நானூறு."

கேப்ரியல் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "அலமாக்! அறுபதுன்னு நீதானே சொன்னே?"

"பிரிக்கிறதுக்கு முன்னாடி சொன்னேன். நோட்டு கூட எனக்கு வேணாம். சாமான் கொடுத்தவன் அரிசியாத்தான் கேட்டான். என் வீட்டுல இருந்ததை எடுத்துக் கொடுத்துட்டேன். ஒரு மூட்டை அரிசி வேணும்."

"அரிசிக்கு நான் எங்கே போவேன்?"

தவுக்கே கேப்ரியலின் இடுப்பைப் பார்த்தார். அங்கே தோட்டத்து ஸ்டோர் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. பட்டறையின் பின்கட்டில் அவர் வீட்டுப் பெண்கள் சோற்றுக்குப் பதிலாகக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்கள். தவுக்கே சொன்னது பொய்யில்லை என்று கேப்ரியலுக்குத் தெரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து டோரிஸிடம் சொன்னார். அவள் தன் தையல் மெஷினைத் துடைத்து எடுத்து வைத்தாள். வியாழன் காலை அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். தவுக்கே சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல மெஷின். தைக்கத் துணி எங்கே இருக்கு?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. கேப்ரியல் மெஷினைத் திருப்பிக் கட்டிக்கொண்டார்.

திரும்பும் வழியில் இரண்டு தடவை இறங்கி உட்கார்ந்தார். துரையிடம் உண்மையைச் சொன்னால் தவுக்கேயைக் கள்ள வியாபாரம் என்று பிடித்துப்போவார்கள். அவரோடு தன்னையும் பிடித்துப்போவார்கள். சொல்லாவிட்டால் நாளைக்குக் காடி வராது. அப்போதும் பிடித்துப்போவார்கள். எப்படி யோசித்துப் பார்த்தாலும் டோரிஸ் கோயிலில் தனியாக முட்டி போட்டிருந்தாள்.

மத்தியானம், எல்லாரும் கிழங்குக் காட்டுக்குப் போயிருந்த நேரம், ஸ்டோரைத் திறந்தார். அந்த மாதத்துக்கு வந்தது ஆறு மூட்டை. ஒன்றைப் பிரித்து இரண்டு சாக்கில் பாதி பாதியாகப் போட்டு, மேலே மரவள்ளிக் கிழங்கை அடுக்கினார். சைக்கிளின் இரண்டு பக்கமும் கட்டி லாபிஸுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

சாயங்காலம் டிரைவர் அய்யாவு காடியை ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தான்.

சனிக்கிழமை அரிசி போட்டார்கள். தலைக்கு ஆறு பால் டின் அளவு என்பது வழக்கம். கேப்ரியல் ஐந்து ஐந்தாக அளந்தார். பேச்சியம்மாள் முறை வந்தபோது அவள் சாக்கை இன்னும் விரித்தபடியே நின்றாள். அவள் புருஷனைப் போன வருஷம் சயாம் ரயில் வேலைக்கு ஏற்றிப்போனார்கள். இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்குக் கால் வீங்கிக் கிடந்தது.

"இன்னும் ஒண்ணு விழலீங்களே கிராணியாரே?"

"மேலேயே குறைச்சுட்டாங்க, பேச்சி. நான் என்ன செய்ய?"

"நீங்க என்ன செய்வீங்க, பாவம்" என்று சொல்லிச் சாக்கைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

அவள் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கலாம் என்று கேப்ரியலுக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை ஹிரோசே கூப்பிட்டனுப்பினார். செகாமாட்டுப் பயணம் நன்றாக முடிந்த முகம். கேப்ரியலுக்கு ஒரு சிகரெட் கொடுத்தார். "நல்ல பட்டறை. அறுபது வெள்ளிக்கு இப்படி ஒரு வேலை! பழைய லோரியையும் அங்கேயே கொண்டுபோய் விடு. அதற்கும் அறுபது தருகிறேன். அடுத்த மாதக் கடைசிக்குள் ஓடணும்."

கேப்ரியல் ஜப்பான் பாஷையில் "ஹாய்", சரி என்று தலை குனிந்தார். சிகரெட் விரலில் நசுங்கிப்போனது.

தவுக்கே தோட்டத்துக்கே வந்து லோரியைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் கையை விரித்தார். "இதுக்கு மூணு மூட்டை ஆகும். நீ அன்னைக்கே துரைகிட்ட சொல்லியிருக்கணும் லா. இப்போ அறுபதுதான் விலைன்னு அவன் நெனைச்சுட்டான்."

"நான் சொல்லியிருந்தா உன்னைத்தான் முதல்ல பிடிச்சிருப்பான்."

"தெரியும்" என்றார் தவுக்கே. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதத்து அரிசி வந்து இறங்கியது. கேப்ரியல் மூன்று நாள் சாப்பிடவில்லை. "மறுபடியும் எடுப்பீங்களா?" என்று டோரிஸ் ஒரே ஒரு தடவை கேட்டாள். நான்காம் நாள் மத்தியானம் சாக்குகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். அன்றைக்குப் பேச்சியம்மாளுக்கு ஸ்டோர் வாசல் கூட்டும் வேலை என்பதை மறந்துவிட்டார்.

அவள் மூட்டை இறக்கிய இடத்தைக் கூட்டி முடித்திருந்தாள். மண்ணும் எலிப்புழுக்கையும் கலந்த ஒரு சின்னக் குவியல். அதில் கொஞ்சம் அரிசி.

"இதை நான் எடுத்துக்கலாமா கிராணியாரே? கணக்குல வராதுல்ல?"

கேப்ரியல் கையிலிருந்த சாக்குகளைக் கீழே போட்டார். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மேல யாரும் குறைக்கலை, பேச்சி. நான்தான் எடுத்தேன். ஒரு மூட்டை. காடி ரிப்பேருக்கு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார். அறுபது வெள்ளி, தவுக்கே கேட்ட மூட்டை, வெள்ளிக்கிழமை, இப்போது இந்த லோரி. சொல்லி முடித்தபோது அவள் துடைப்பத்தை வீசி எறிந்தாள். அது அவர் தோளில் பட்டு விழுந்தது.

"எம்புள்ள பசிக்கு அழுவுறப்போ நான் அவனைத்தான்யா அடிச்சேன்! உங்களைப் பாவம்னு வேற சொன்னேன்!"

"வீரமுத்து கங்காணிகிட்டே சொல்லு. எல்லாருகிட்டேயும் சொல்லு. நான் இங்கேயேதான் இருக்கேன்."

அவள் போனாள். அரை மணி நேரத்தில் இருபது பேர் வந்துவிட்டார்கள். ஆட்களை வேலை வாங்கும் வீரமுத்து கங்காணியின் கையில் கம்பு இருந்தது. ஆனால் அடிக்கவில்லை. "அடிச்சா துரை ஏன்னு கேப்பான்" என்றார் கசப்பாக. ஒருவன் துப்பினான். கேப்ரியல் துடைத்துக்கொள்ளவில்லை.

பேச்சியம்மாள்தான் கேட்டாள். "அந்த லோரி எதுக்கு ஓடணும்?"

"செகாமாட்டுலேர்ந்து அரிசி ஏத்திட்டு வர. இது வரைக்கும் வாடகை லோரியில வந்துச்சு. இனிமே துரை வாடகை தரமாட்டாராம்."

"ரயில்ல லாபிஸ் வரைக்கும் வந்தா?"

"அங்கேயிருந்து ஏழு மைல்."

"தலையில தூக்கிட்டு வரலாம்" என்றாள். "லோரி கிடக்கட்டும். ஆனா இனிமே நீங்க அளக்கக் கூடாது. நான்தான் அளப்பேன்."

கேப்ரியல் சாவியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. "சாவி உங்க இடுப்புலயே இருக்கட்டும். துரை பார்க்கணும்ல. அளக்கிற டின் என் கையில இருக்கும்."

அன்று மாலையே அவர் ஹிரோசேவிடம் போய், லோரிக்குரிய சாமான் ஜோகூரிலேயே இல்லை, பட்டறைக்காரன் கைவிட்டுவிட்டான் என்று சொன்னார். பாதி உண்மை. அரிசியை ரயிலில் வரவழைத்தால் ஆட்கள் தூக்கி வருவார்கள், வாடகை மிச்சம் என்றும் சொன்னார். துரை கன்னத்தில் இரண்டு அறை விட்டார். மறுநாள் முழுவதும், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், தலைக்கு மேல் ஒரு மரக்கட்டையைத் தூக்கிப் பிடித்தபடி வெயிலில் நிற்க வைத்தார். லயத்து வீடுகளில் இருந்த ஆட்கள் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்தார்கள். யாருக்கும் இரக்கம் வந்ததாகத் தெரியவில்லை. சாயங்காலம் டோரிஸ் அவரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். இடது காதில் அதற்குப் பிறகு அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. துரை வாடகைக் கணக்கைப் பார்த்துவிட்டு ரயிலுக்குச் சம்மதித்தார்.

முதல் அரிசி வந்த நாள் முப்பது பேர் லாபிஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். கேப்ரியலும் போனார். யாரும் அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அரிசியைச் சின்னச் சின்ன மூட்டைகளாகப் பங்கிட்டார்கள். பதினோரு வருஷமாகப் பேனா பிடித்த மனிதர் தலையில் சும்மாடு நிற்கவில்லை. அய்யாவு ஒரு தடவை சரிசெய்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் முன்னால் போய்விட்டான்.

நாலாவது மைலில் மழை பிடித்தது. பெண்கள் வாழையிலையை வெட்டி மூட்டைகளை மூடினார்கள். இலை கிடைக்காத கேப்ரியல் சட்டையைக் கழற்றித் தன் மூட்டைமேல் போட்டுக் கட்டினார். முதுகில் மழை அடித்தது. அவர் அழுதிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

பின்னால் வந்த பேச்சியம்மாள் அவரைக் கடந்து போகும்போது, "நிக்காம நடங்க. இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரணும்" என்றாள்.

கிராணியாரே என்று சொல்லவில்லை. அவர் மூட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தார்.