மேல்தட்டின் நிறம்

என் வீட்டுக்காரரைப்போல் ஒரு பிடிவாதக்காரரைக் கடலூர் ஓ.டி. முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. துறைமுகத்தில் படகு கட்டும் தச்சர். அறுபத்தாறாம் வருஷம் பங்குனியில், முழங்கை நீளத்துக்கு ஒரு பாய்க்கப்பல் செய்து, அதன் மேல்தட்டுக்கு நிறம் ஏற்றுகிறேன் பேர்வழி என்று பதினோரு நாள் என் உயிரை வாங்கினார்.

கப்பல் என் அண்ணன் சின்னையனுக்கு. இருபது வருஷம் சரக்குத் தோணியில் போனவர். இப்போது சிதம்பரம் அண்ணாமலை நகரில், மகள் மலர்க்கொடி வீட்டில் இருந்தார். தான் போன தோணியைப் பார்த்தாலாவது மச்சானுக்கு ஆறுதலாக இருக்கும் என்று இவர் சொன்னார்.

பார்த்தால்தானே! அண்ணனுக்கு இரண்டு கண்ணும் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. இவருக்கு அது தெரியக் கூடாது என்று அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். தெரிந்தால் மாப்பிள்ளை தன்னிடம் நோயாளியிடம் பேசுவதுபோல் பேச ஆரம்பித்துவிடுவான், கேலியும் கிண்டலும் போய்விடும், அது ஒன்றுதான் தனக்கு மிச்சம் என்றார். நானும் வாயைக் கட்டிக்கொண்டேன்.

இவரோ முதல் நாளே சொதப்பினார். படகு என்றால் முதலில் எண்ணெய், அப்புறம்தான் மற்றதெல்லாம். அந்தப் பழக்கத்தில் புது மரத்துக்கு மீன் எண்ணெயைத் தடவிவிட்டார். பிறகு வலைக்குச் சாயம் போடும் காசுக்கட்டித் தண்ணீரை மேலே பூசினால், சேம்பு இலையில் விழுந்த மழைத்துளி மாதிரி அது உருண்டு ஓடுகிறது. கண்ணாடிச் சில்லால் தட்டு முழுவதையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்று முறை சாயம், ஒவ்வொரு முறையும் காய வைப்பது, அதற்குமேல் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு உள்ளங்கை சுடுகிற வரை தேய்ப்பது. வீட்டில் சோறுகூட எண்ணெய் வாடை அடித்தது.

ஒவ்வொரு தடவையும் கப்பலை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்து, நிறம் சரியா என்று என்னைக் கேட்பார். எட்டாம் நாள் பொறுக்க முடியாமல், எந்த நிறமாக இருந்தால் என்ன என்று கத்திவிட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி தேய்க்கப் போய்விட்டார். பாவி மனிதர், யாருக்காக இப்படி மெனக்கெடுகிறார் என்று அடுப்படியில் போய் அழுதேன்.

பன்னிரண்டாம் நாள் பாசஞ்சரில் சிதம்பரம் போனோம். வழி நெடுக அதை என் நூல்புடவையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அண்ணன் முன்னால் அதைப் பிரித்து வைத்து, பதினோரு நாள் நிறம் ஏற்றிய கப்பல் என்றார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நெறம் பிரமாதம்டா பூவராகா," என்றார்.

"செவுத்துக்கு நான் எண்ண பூசல மச்சான்," என்று சொல்லிவிட்டு, இவர் அவர் கையைப் பிடித்துக் கப்பல்மேல் வைத்தார்.

அண்ணன் சிரித்தார், இருமல் வரும் அளவுக்குச் சிரித்தார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டதற்கு, பொங்கலுக்கு இங்கே வந்தபோதே தெரியும் என்றார் இவர்.

எனக்கு வந்ததே கோபம். பொங்கலிலிருந்து தெரிந்துகொண்டு, பதினோரு நாள் எதற்கு அந்த நிறத்தோடு மல்லுக்கட்டினீர் என்று அண்ணன் எதிரிலேயே பிடித்துக்கொண்டேன்.

"என்ன நெறம்னு அவரு ஒன்னத்தான கேப்பாரு," என்றார். "எட்டு மாசமா நீ பொய் சொன்னது போதும் அமிர்தம்."

அண்ணன் விரல்கள் தட்டின் பலகைகளை ஒவ்வொன்றாகத் தடவின. "சொல்லு புள்ள. எப்புடி இருக்கு?"

அதுவரை கோபத்தில் நான் அதை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. குனிந்து பார்த்தேன். கருப்பட்டிப் பாகு நிறம், ஓரத்தில் கறுப்பு, பாய்மரத்தடியில் மட்டும் கொஞ்சம் வெளுப்பு என்றேன்.

"ஆமா," என்றார் அண்ணன். "அங்கதான் நாங்க உக்காந்து சாப்புடுவோம். பலக தேஞ்சே போச்சு."

நான் நகர்ந்து இவருக்கு இடம் விட்டேன். மிச்சத்தை இவர்தான் சொன்னார்.