விலா எலும்பில் ஒரு கறுப்பு

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டான நஜ்முன்னிசாவுக்கு விலாவில் வலி வந்தது. கணவர் இஷாக் பேகம்பூரிலிருந்து அவளை மதுரைக்கு எலும்பு ஸ்கேனுக்கு அழைத்துப்போனார். ஊசியில் மருந்தை ஏற்றி, மூன்று மணி நேரம் கழித்துப் படம் எடுத்தார்கள். விலாவில் ஓரிடத்தில் மட்டும் மருந்து அதிகமாகச் சேர்ந்து கறுப்பாகத் தெரிந்தது. புற்றுநோய் எலும்புக்கும் பரவிவிட்டதோ என்று இஷாக் பயந்தார்.

"எங்கயாச்சும் விழுந்தீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் தலைகுனிந்தாள். "போன மாசம் பரண்ல ஏறி விழுந்துட்டேன். ஏறக்கூடாதுன்னு இவுக சொல்லியிருந்தாக. அதான் மறைச்சுட்டேன்."

டாக்டர் அந்த இடத்தை சி.டி. ஸ்கேன் எடுத்தும் பார்த்தார். "எலும்புல லேசான விரிசல், ஆறிட்டு வருது. நோய் பரவலம்மா."

இஷாக்குக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! வா, முதல்ல சாப்பிடுவோம். காலையிலருந்து நீ ஒண்ணுமே திங்கல" என்றார்.