சேற்றுத் தண்ணீர்ச் சிப்பி

“அந்த மூக்குக் குழாயப் பிடுங்கி எறிங்க மொதல்ல! செத்தும் அவருக்கு அதுதானா?” என்று கத்தினாள் காவேரி. குளிப்பாட்ட வந்த பங்காளிகள் திகைத்து நின்றார்கள். அவள் புருஷன் முனிவேல் விடியற்காலையில்தான் போயிருந்தான். பர்கூர்ப் பக்கத்துக் கல் குவாரியில் பாறை துளைக்கும் டிரில்லர் பிடித்துப் பிடித்தே நெஞ்சைத் தொலைத்த மனுஷன். கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கித்தான் குடித்தான்.

காவேரிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பந்தல் போட வந்தவன்மேல் ஆத்திரம், காபி கேட்ட நாத்தனார்மேல் ஆத்திரம். ஓசூரில் கம்பெனி வேலை என்று போனவன், செய்தி கேட்டு அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறானே, அந்த மகன் சிவராஜ்மேலும் ஆத்திரம். தூத்துக்குடியில் மீன்வளம் படிக்கிற மகள் தர்ஷினி தோளைத் தொட்டதும் உதறிவிட்டாள்.

“போடி. சிப்பி வளந்தா போதும் உனக்கு. அப்பன் இருந்தா என்னா, போனா என்னா!”

சொல்லிவிட்டாளே தவிர, மனசு போன மாதத்துக்குப் போய்விட்டது. லீவில் வந்திருந்த தர்ஷினி கட்டிலில் உட்கார்ந்து அப்பனிடம் கதையளந்துகொண்டிருந்தாள். ஒரே சமயத்தில் பொரித்த சிப்பிக் குஞ்சுகளைப் பிரித்து, பாதியை அலையடிக்கும் பாறையோரத்திலும் பாதியைச் சேறு கலங்கும் கழிமுகத்திலும் கட்டித் தொங்கவிட்டார்களாம். பாறையோரத்தில் இருந்தவை உள்ளங்கை அகலம் வளர்ந்துவிட்டனவாம். கழிமுகத்தில் இருந்தவை கட்டைவிரல் அளவோடு நின்றுவிட்டனவாம்.

“அது ஏம்மா வளரல? சோதாவா?” என்றான் முனிவேல்.

“இல்லப்பா. மூச்சு விடறது, தீனி எடுக்கறது ரெண்டும் அதுக்கு ஒரே செவுள்லதான். சேறு வந்தா ஓட்ட மூடிக்கும். மூடிட்டா தீனி ஏது? தொறந்தாலும் சேத்த வெளிய தள்ளவே பாதித் தெம்பு போயிடும்.”

“அதத் தூக்கி நல்ல தண்ணியில உட்டா?”

“வளரும்பா. லேட்டாயிடும், ஆனா வளரும்.”

அவன் இருமி முடித்தான். “அப்ப சிப்பி மேல குத்தமில்ல” என்றான். வெட்டிப் பேச்சு என்று காவேரி அன்றைக்கு இருவர்மேலும் எரிந்து விழுந்தாள்.

குளிப்பாட்டி பெஞ்சில் கிடத்தியதும் குவாரி காண்ட்ராக்டர் கோவிந்தப்பன் மாலையும் கோடித் துணியுமாக வந்தார். வேலையாள் செத்தால் அவரே வந்து கோடி போர்த்துவார். போர்த்திய கையோடு அந்த வீட்டுப் பையனை வேலைக்கு அழைப்பார். அதைப் பெரிய மனசு என்று ஊரே பேசும்.

“என்னாம்மா பண்றது. பீடியக் கொறைடான்னா கேட்டாத்தானே? உடம்பு வாகும் பத்தல. நம்ம குவாரி ஆஞ்சப்பனும் அதே டிரில்லர்தான் பிடிக்கறான், கல்லாட்டம் இருக்கறான் பாரு” என்றார். “சிவராஜுக்கு உன் வாகு. காரியம் முடிஞ்சதும் வரட்டும்.”

காவேரி எழுந்து பிணத்துக்கும் அவருக்கும் நடுவே நின்றாள்.

“வாகா? யோவ், கிணத்துல விழுந்த தவலைய ஒரே மூச்சுல முங்கித் தூக்குன மனுசன்யா அவரு! பீடியக் கையால தொட்டதில்ல. தூசி பறக்குது, தண்ணி உட்டு ஓட்டலாம்னு கேட்டதுக்கு, டேங்கர உங்கப்பனா அனுப்புவான்னு கேட்டவன்தானே நீ? சேத்துல போட்டுட்டு சிப்பியக் குத்தம் சொல்றியா?”

அங்கிருந்தவர்களுக்குச் சிப்பி எங்கிருந்து வந்தது என்று விளங்கவில்லை. தர்ஷினி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

“கோடிய எடுத்துகினு போ. எம் மவன் உன்னாண்ட வரமாட்டான்.”

கோவிந்தப்பனுக்கு முகம் சிவந்தது. “இனிமேதான் வரணுமா? அவனையே கேளு. ஓசூர்ல என்னா கம்பெனி? நம்மாண்ட டிரில்லர் பிடிக்க வந்து மாசமாவுது. உனக்குத் தெரிய வேணாம்னான், அதான் சொல்லல. ராத்திரி ஷிப்டுலேந்து நேரா வந்திருக்கறான்.”

சிவராஜ் நிமிரவில்லை. “அப்பா மருந்துக்குத்தாம்மா...” என்று இழுத்தான்.

பளாரென்று அறைந்தாள். அடுத்த அடிக்கு ஓங்கிய கை அவன் காதைப் பிடித்துத் திருகி வெளிச்சத்துக்கு இழுத்தது. மடல் மடிப்பில் மாவு போல வெள்ளையாக அப்பியிருந்தது கல் தூசி. பக்கத்து வாளியில் முந்தானையை நனைத்துக் காதுக்குள் விட்டு அழுத்தித் துடைத்தாள். அவன் வலியில் நெளிந்தான்.

“ஆடாம நில்லுடா” என்றாள்.

துடைக்கத் துடைக்க வந்துகொண்டேயிருந்தது.