டொரண்டோ, தோஹா, நெல்லிக்குப்பம்

ஐஸ்பெட்டியின் கண்ணாடியில் பூத்திருந்த நீரை வெண்மதி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தால்தான் அப்பாவின் முகம் தெரிந்தது. வாசல் பந்தலில் பெரியப்பா சுப்பராயலு, துக்கம் கேட்க வந்தவர்களுக்குத் தூரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"டொரண்டோலேந்து மெட்ராசுக்குப் பதிமூணாயிரம் கிலோமீட்டரு. நடுவுல தோஹால எறங்கி ஏறணும். ஒரு நாளு பூரா வானத்துலியே இருக்கான் நம்ம ஜெயப்பிரகாசு."

மத்தியானத்துக்குள் அது பதினைந்தாயிரம் ஆகிவிட்டது. செத்துப்போனது கோவிந்தசாமி என்பது பந்தலுக்கே மறந்துபோயிருந்தது.

"அண்ணாகிராமத்துலேந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்துருக்கேன். எத்தினி கிலோமீட்டர்னு என்ன எவனாவது கேட்டானா?" என்றார் கலியமூர்த்தி மாமா. யாரும் சிரிக்கவில்லை.

அப்பா படுக்கையில் விழுந்ததும், சிதம்பரத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவள் வெண்மதி. போன மாதம் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒங்கண்ணன் வந்து சேரமாட்டாம்மா. நீயே கொள்ளி வெச்சிடு." பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த பெரியப்பாவும், "அதுக்கென்ன, செஞ்சிட்டா போச்சு" என்று தலையாட்டினார். அன்று காப்பி நன்றாக இருந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் வெண்மதியின் போனில் அண்ணன் ஜெயப்பிரகாசு வீடியோவில் வந்தான். தோஹாவில் அடுத்த விமானத்தை விட்டுவிட்டானாம்.

"இனிமே நாளைக்குத்தான் ஃப்ளைட்டு பெரிப்பா. எனக்காவ வெக்காதீங்க. எடுத்துடுங்க."

வெண்மதி எழுந்தாள். "கொள்ளி நான் வெக்கிறேன் பெரிப்பா. அப்பா ஒங்க எதிர்லதான சொன்னாரு?"

"சொன்னான். சாவப்போறவன் ஆயிரம் சொல்லுவான்." பெரியப்பாவின் பார்வை பந்தலைச் சுற்றிவந்து சிலம்பரசன்மேல் நின்றது. வரப்புத் தகராறில் அப்பாவோடு பேச்சையே நிறுத்திவிட்ட பங்காளி. "டேய், போயி குளிச்சிட்டு வா. கொள்ளி நீ புடி. ஜெயப்பிரகாசு போன்ல பாத்துக்கிட்டே இருப்பான். அவன் வெச்சதாத்தான் கணக்கு."

"நா இங்க நிக்கிறேன் பெரிப்பா. அவன் தோஹால நிக்கிறான்."

"போன்ல இருந்தாலும் ஆம்பளப் புள்ள புள்ளதாம்மா. பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக்கூடாது. ஒம் போன்ல சார்ஜ் இருக்கா?"

இருந்தது. அவரே அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

பெண்கள் தெருமுனையில் நின்றுவிட்டார்கள். "பாவம், அவ்ளோ தூரத்துல புள்ள தனியா நிக்கிது" என்று எதிர்வீட்டுக்காரி வெண்மதியின் தோளில் சாய்ந்து அழுதாள்.

சிலம்பரசன் கொள்ளிச்சட்டியோடு முன்னே நடந்தான். மாலைகளுக்குள் அப்பாவின் முகம் புதைந்திருந்தது. பாடைக்கு முன்னால் போன பெரியப்பா, அண்ணனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று போனைப் பின்பக்கம் திருப்பித் தலைக்கு மேலே பிடித்திருந்தார். ஊர்வலம் அடுத்த வளைவில் திரும்பி மறையும்வரை வெண்மதிக்குத் திரையில் அண்ணன் தெரிந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண் ஐஸ்கிரீம் தின்றுகொண்டே பெட்டியை உருட்டிப் போனாள்.