ஒரு கன்றும் ஐந்து சேவகர்களும்

கடுகு பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவளைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்று கேட்பதில்லை. "என்ன முடிவு பண்ணியிருக்கே?" என்றுதான் கேட்டார்கள். கடுகு என்பது வீட்டில் வைத்த பெயர். கொஞ்சம் சூடு பட்டாலே வெடிப்பாள் என்று சின்ன வயதில் வைத்தது. வளர்ந்த பிறகும் அந்தப் பெயருக்கு அவள் ஒரு குறையும் வைக்கவில்லை.

அவள் முடிவு பண்ணித்தான் வைத்திருந்தாள். புள்ளியியல் படிக்க வேண்டும். அதைச் சொன்னபோது, தரை ஓடு விற்கும் கடை நடத்திய அப்பா, ஏதோ புது நோயின் பெயரைக் கேட்டவர்போல அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த அம்மா, "நல்லதுதானே?" என்றாள். அந்த நல்லதை மேலே வளரவிடாமல் வந்து சேர்ந்தாள் பெரியம்மா.

பெரியம்மாவின் மகன் ஒரு பெரிய கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். என்ன படிக்கிறான் என்பது அவளுக்கே சரியாகத் தெரியாது. ஆனால் கல்லூரியின் பெயரைச் சொல்லிவிட்டு, கேட்டவர் மயங்கி விழ இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருவாள்.

"மார்க்கெல்லாம் இப்ப யாரு பாக்கறா? ஆளுமைதான் முக்கியம். எங்க பையனுக்கு எல்லாம் பண்ணிக்குடுத்த ஆலோசகர் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட விட்டுடுங்க. இவளையும் ஒரு ஆளா ஆக்கிடுவார்."

"இப்ப நான் என்னவா இருக்கேன் பெரியம்மா?" என்றாள் கடுகு.

அப்பா அவளை முறைத்தார். அந்த வாரக் கடைசியிலேயே அப்பா, அம்மா, கடுகு மூவரும் ஆலோசகரின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அறை. கீழே யாருடைய கடைவாய்ப்பல்லையோ குடையும் சத்தம் தரை வழியாக ஏறி வந்தது. சுவர் முழுக்கச் சிரிக்கும் மாணவர்களின் படங்கள். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ ஒரு கம்பெனியை அன்று காலையில்தான் வாங்கியவர்கள்போல நின்றார்கள்.

"எங்க மாணவர்கள்ல தொண்ணூறு சதவீதம் பேர் கேட்ட காலேஜ்ல சேர்ந்திருக்காங்க" என்றார் ஆலோசகர், சுழல் நாற்காலியில் பாதி சுற்றி.

"நடுவுல விட்டுட்டுப் போனவங்களையும் சேர்த்தா தொண்ணூறு?" என்று கேட்டாள் கடுகு.

அம்மா இருமினாள். ஆலோசகர் சிரித்தார். பல்லோடு நின்றுவிட்ட சிரிப்பு. அந்தப் பல்லைக் கீழ்மாடியில்தான் செய்திருப்பார்கள் என்று கடுகு நினைத்துக்கொண்டாள்.

"கேள்வி கேக்கறாங்க, நல்ல விஷயம். ஆனா சேவை மனப்பான்மை தெரியலையே. விண்ணப்பத்துல புள்ளியியல்னு போட்டா மூளை மட்டும்தான் தெரியும். சுற்றுச்சூழல்னு போட்டா மனசு தெரியும்."

அவளுக்கு என்ன பிடிக்கும் என்று அவர் கேட்கவே இல்லை. அப்பா மட்டும் கோயில் வாசலில் நிற்பவர்போல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு ஓட்டைத் தட்டிப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்லிவிடுகிற மனுஷன், இந்த ஆளை ஒருமுறை தட்டிப் பார்க்கக்கூடாதா என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

மனசைத் தெரிய வைப்பதற்கான ஏற்பாடு அடுத்த மாதம் நடந்தது. விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் ஒரு பொட்டல் வெளி. ஆலோசகரிடம் வந்த மாணவர்கள் ஐந்து பேர். படமெடுக்க அவருடைய மச்சான். 'பசுமைக்கான இளைய கரங்கள்' என்று ஒரு பேனர். மண்வெட்டி ஒன்று, மரக்கன்றும் ஒன்று.

"மத்த கன்றெல்லாம் எங்க?" என்று கேட்டாள் கடுகு.

"படத்துல ஒவ்வொருத்தரும் தனித்தனியாத்தானேம்மா வருவீங்க? ஒண்ணு போதும்" என்றார் மச்சான்.

நட்டார்கள், படமெடுத்தார்கள், பிடுங்கினார்கள். நான்கடி தள்ளி இன்னொரு குழி. மறுபடி நட்டார்கள். மூன்றாவதாக நட்டவள் நீளப்பின்னல்காரி. கன்றைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு, மேகத்தைப் பார்த்து ஒரு படம், மண்ணைப் பார்த்து ஒரு படம் என்று மச்சானை அசத்திவிட்டாள். நாலாவதாகக் கடுகின் கைக்கு வந்தபோது வேரில் மண்ணே இல்லை. இலையெல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. அங்கே வந்தவர்களில் வெட்கப்பட்டது அந்தக் கன்று ஒன்றுதான்.

"சிரிம்மா" என்றார் மச்சான்.

சிரித்தாள். பிறகு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஆலோசகர்மேல் வந்த எரிச்சலைவிடத் தன்மேல் வந்த எரிச்சல்தான் அதிகம்.

விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய கட்டுரையை ஆலோசகரின் அலுவலகமே எழுதிக் கொடுத்தது. 'அந்தத் தளிரில் நான் என் நாளையைக் கண்டேன்' என்று ஆரம்பித்தது. கடுகு அதை வாய்விட்டுப் படித்தபோது அம்மா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "சிரிக்கற நேரமா இது?" என்று அப்பா கடிந்துகொண்டார்.

பெரியம்மா மகன் படிக்கிற அதே கல்லூரியில் நேர்காணல். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியை கண்ணாடியைத் தலைமுடிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"இந்தக் கன்று இப்ப எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கு?"

என் தோள்வரைக்கும் என்று சொல்ல வேண்டும். ஒரு மாதமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கடுகு வாயைத் திறந்தாள்.

"செத்துப்போச்சு மேடம்."

"எப்படி?"

"ஒரே கன்றை அஞ்சு பேர் நட்டோம். நான் நாலாவது ஆளு."

ஓரத்தில் இருந்தவர் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப இந்தக் கட்டுரை?"

"படிச்சுப் பாத்தேன் மேடம். யாரோ நல்லா எழுதியிருக்காங்க."

பேராசிரியை சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து, உண்மை பேசினதுக்கே இடம் கொடுத்துவிடுவார்கள் என்று கடுகு நம்பினாள். அத்தனை பேரையும் எள்ளி நகையாடியவள் அந்த வருஷம் ஏமாந்தது அந்த ஓர் இடத்தில்தான். முடிவு வந்தபோது அவள் பெயர் இல்லை. தோள்வரைக்கும் வளர்ந்திருக்கிறது, தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்ன நீளப்பின்னல்காரிக்கு இடம் கிடைத்தது.

"ஒரு பொய் சொல்லத் துப்பில்லையா உனக்கு?" என்று அப்பா குதித்தார்.

"சொன்னேனேப்பா. படத்துல சிரிச்சேன்ல?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவளையும் கூட்டிக்கொண்டு போனார். ஆலோசகரிடம் மன்னிப்புக் கேட்க வைத்து, வேறு கல்லூரிக்கு வழி கேட்கலாம் என்று. ஆலோசகர் இந்தமுறை நாற்காலியைச் சுற்றக்கூட இல்லை.

"நாங்க என்ன சார் பண்ண முடியும்? உங்க பொண்ணுக்கு ஆளுமையே இல்லை."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். காது மடல் சிவந்தது.

"யாருக்கு ஆளுமை இல்லை? இவளுக்கா? ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்து இருந்து பாருங்க. நானும் இவ அம்மாவும் இவளோட ஆளுமை தாங்காமத்தான் உங்ககிட்டயே வந்தோம்!" என்று எழுந்தார். கதவருகில் நின்று, "அந்தக் கன்றைக் கொன்னது நீங்கதான்யா" என்று சேர்த்துக்கொண்டார்.

படியிறங்கும்போது கடுகு இரண்டு படி பின்தங்கியே வந்தாள். பக்கத்தில் போனால் கட்டிப்பிடித்துக்கொள்வோமோ என்ற பயம்.

நேர்காணல், படம் ஒன்றும் கேட்காமல் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிற ஒரு சாதாரணக் கல்லூரி இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. அங்கே புள்ளியியல் இருந்தது. சேர்வதற்குத்தான் ஆள் குறைவு. கடுகு அங்கே சேர்ந்ததைக் கேள்விப்பட்ட பெரியம்மா, "ஐயோ பாவம்" என்று ஃபோனில் அழாத குறையாகச் சொன்னாள். அம்மா, "ஆமாக்கா, பேராசிரியர்ங்க பாவந்தான்" என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

முதல் நாள் வகுப்பறையில் மின்விசிறி மூச்சு வாங்கியது. பாதி பெஞ்சு காலி. தாமதமாக வந்த ஆசிரியர் யாருடைய கனவையும் விசாரிக்கவில்லை. வந்ததும் பலகையில் ஒரு கணக்கைப் போட்டார். கடுகு எல்லாருக்கும் முன்னால் முடித்து நீட்டினாள். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தப்பு. ரெண்டாவது வரியில இருந்து தப்பு" என்று திருப்பிக் கொடுத்தார்.

சுருக்கென்று பதில் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு இரண்டாவது வரியைப் பார்த்தாள். உண்மையிலேயே தப்புதான். பேனாவைத் திறந்துகொண்டு குனிந்து உட்கார்ந்தாள்.